வில்லியம்ஸ்பர்க்கில் ஒரு செங்கல் கட்டடம்

சொந்த ஊரில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால் அவரைச் சுற்றி நிற்பதற்கு ஆட்கள் உண்டு. தாய் சோறூட்டுவாள், தமையன் பின்னாலேயே நடப்பான், கோயிலுக்கு அழைத்துச் செல்வார் ஒருவர், வைத்தியரிடம் அழைத்துச் செல்வார் மற்றொருவர். தெருவில் அவர் தடுமாறித் திரிந்தாலும், ‘இன்னார் மகன்’ என்று அடையாளம் கண்டு, கையைப் பிடித்து வீட்டிலே கொண்டுவந்து விடும் அண்டை அயலார் உண்டு. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்கு வந்துவிட்ட நமக்கு இந்த வசதி இல்லை. நம் மொழி வழங்காத நகரத்தில், இன்னார் மகன் என்று சொல்ல ஒருவருமில்லாத தெருவில், அறிவு பேதலித்த ஒருவனை ஏற்பவர் யார்? அவனை எங்கே வைப்பது? எந்த அதிகாரத்தின் பேரில் வைப்பது?

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்து வந்து குடியேறியவர்களும், அடிமைகளாகக் கடல் கடத்திக் கொண்டுவரப்பட்டவர்களுமாக மக்கள் பெருகியிருந்த ஒரு நாட்டில் இக்கேள்விகள் எழுந்தன. அந்நாடு, அப்போது பிரிட்டிஷ் குடியேற்றமாயிருந்த வர்ஜீனியா. அக்கேள்விகளுக்கு விடையாக அதன் தலைநகரான வில்லியம்ஸ்பர்க்கில் 1773-ஆம் ஆண்டு ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளாக விளங்கும் நிலப்பரப்பில், மனநோயாளருக்கென்றே பொதுப்பணத்தில் கட்டப்பட்ட முதல் மருத்துவமனை அதுவே. அதன் கதையை நாம் இங்கே காண்போம்.

அதற்கு முன்னரே பிலடெல்பியா நகரில் ஒரு மருத்துவமனை இருந்தது. தாமஸ் பாண்ட் என்னும் வைத்தியரும், மின்னலை ஆராய்ந்து புகழ்பெற்ற பெஞ்சமின் பிராங்க்ளினும் முயன்று 1751-இல் நிறுவியது அது. அங்கே எல்லா நோயாளர்களோடும் சித்தம் கலங்கியவர்களும் சேர்க்கப்பட்டனர். ஆனால் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் நிலவறை. விலங்குக் காட்சி பார்க்க வருவது போல ஊரார் திரண்டு வந்து அவர்களைப் பார்த்துச் சிரித்தனர். கூட்டத்தைக் கட்டுப்படுத்த நினைத்த நிர்வாகிகள் பார்வைக் கட்டணம் விதித்தார்கள். கட்டணம் கூட்டத்தைக் குறைத்ததோ இல்லையோ, வருமானம் தந்திருக்கும்.

வர்ஜீனியாவில் அத்தகைய நிலவறை கூட இல்லை. பணமுள்ள குடும்பத்தார் தம் வீட்டு நோயாளியை மாடியறையில் அடைத்துவைத்தனர். ஏழை நோயாளியை அந்தந்தக் கிறிஸ்தவச் சபை வட்டாரத்தார் யாரேனும் ஒரு குடியானவனிடம் ஒப்படைத்து, சோற்றுக்கு ஏதோ கொடுத்துவந்தனர். எந்த வட்டாரத்திற்கும் சொந்தமில்லாதவர், ஊர் ஊராக அலைந்தவர், பிறரை அச்சுறுத்தியவர் ஆகியோர்க்கு இருந்த ஒரே கூரை, தலைநகரின் சிறைச்சாலை.

இது சரியன்று என்று வாய்விட்டுச் சொன்னவர் அந்நாளைய கவர்னரான பிரான்சிஸ் பாக்கியர் என்பவர். 1758 முதல் வர்ஜீனியாவை நிர்வகித்த அவர் கற்றவர். இளைஞராயிருந்த தாமஸ் ஜெபர்சன் அவருடைய வீட்டு விருந்துகளிலும் உரையாடல்களிலும் கலந்துகொண்டு பெரும்பயன் அடைந்ததாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1766 நவம்பரில் சட்டசபையைத் தொடங்கிவைத்துப் பேசுகையில், புலனறிவு இழந்து நாட்டில் அலையும் அபலைகளுக்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று கவர்னர் கேட்டார். சபை தலையசைத்தது, ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் மீண்டும் பேசினார். இம்முறை அவர் எடுத்துரைத்தது இரக்கம் மட்டுமன்று. சட்டம் தமக்கு அளிக்காத ஓர் அதிகாரத்தைச் செலுத்தி, குற்றம் ஏதும் செய்யாத ஒரு சித்தம் கலங்கிய மனிதனைத் தாம் சிறையில் வைத்திருப்பதாகவும், அதனால் ஒவ்வொரு நாளும் தாமே சட்டத்தை மீறிக்கொண்டிருப்பதாகவும், விடுவித்தால் ஊருக்குத் தீங்கு நேரும் என்பதால் வேறு வழியில்லை என்றும் அவர் கூறினார். ஆட்சி நடத்தும் ஒருவர் தாம் செய்யும் தவற்றைச் சபையின் முன் தாமே ஒப்புக்கொள்வது அரிய செய்தி. கருணையால் அசையாத சபைகளும் இத்தகைய வாக்குமூலத்தால் சற்று அசையும்.

அசைந்தது மெதுவாகத்தான். 1768 மார்ச்சில் பாக்கியர் காலமானார். தம் நோய் இன்னதென்று உயிரோடிருக்கும்போது வைத்தியர்களால் தெரிந்துகொள்ள முடியாமற் போனால், இறந்தபின் உடலை அறுத்துச் சோதிக்கலாம் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். அவர் கேட்ட மருத்துவமனைக்கான சட்டம் 1770-இல் நிறைவேறிற்று.

அச்சட்டத்தை நாம் சற்று நிதானமாகப் பார்த்தல் நலம். நிர்வாகத்திற்குப் பதினைந்து பேர் கொண்ட குழு. அதிலே, பின்னர் அமெரிக்கக் காங்கிரஸின் முதல் தலைவரான பேய்ட்டன் ராண்டால்பும், சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட ஜார்ஜ் வித்தும் இருந்தனர். நிலத்திற்கும் கட்டடத்திற்கும் 1,200 பவுனுக்கு மேற்படாமலும், நோயாளி ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 25 பவுனுக்கு மேற்படாமலும் செலவிடலாம். மூன்று நீதிபதிகள் விசாரித்து அனுப்ப வேண்டும். சேர்க்கத் தக்கவர் இரு வகையினர்: பிறருக்கு ஆபத்தானவர், அல்லது குணமாகக் கூடியவர். யாருக்கும் தீங்கு செய்யாமல் ஒரு மூலையில் அமர்ந்து தமக்குள் பேசிக்கொண்டிருப்பவருக்கு அங்கே இடமில்லை; அவரை அவருடைய உற்றார் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, மருத்துவமனை என்ற பெயரிலேயே இரண்டு நோக்கங்கள் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. ஒன்று, நோயாளியை நோயிலிருந்து காப்பது. மற்றொன்று, ஊரை நோயாளியிடமிருந்து காப்பது. இவ்விரண்டில் எது மேலோங்கியது என்பதுதான் பின்வந்த வரலாறு முழுவதும்.

கட்டடத்திற்கு வரைபடம் தந்தவர் பிலடெல்பியாவின் பெயர்பெற்ற சிற்பி ராபர்ட் ஸ்மித். அதே காலத்தில் அவர் பிலடெல்பியாவில் வால்நட் தெருச் சிறைச்சாலையையும் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே கையிலிருந்து பிறந்தவை என்பது தற்செயலே. ஆயினும் உள்ளே நுழைந்து பார்த்தவர்க்கு அது தற்செயலாகத் தோன்றியிராது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மாடிகளும், நடுவிலே கூரைமேல் ஒரு சிறு கோபுரமும் கொண்ட, கல்லூரி போன்ற செங்கல் மாளிகை. உள்ளே 24 அறைகள். ஒவ்வொன்றுக்கும் கனத்த கதவு. அதில் கம்பியிட்ட சிறு திறப்பு. வெளிச்சுவரில் கம்பி போட்ட சாளரம். படுக்க ஒரு மெத்தை, மலஜலத்திற்கு ஒரு கலம், சுவரில் சங்கிலி மாட்ட ஓர் இரும்பு வளையம்.

1773 அக்டோபர் 12-ஆம் நாள் மருத்துவமனை திறக்கப்பட்டு, அன்றே முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். ஜேம்ஸ் கால்ட் என்பவர் கண்காணிப்பாளர். பெண்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருடைய மனைவி மேரிக்கு. இந்தக் கால்ட் என்ற குடும்பப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்காணிப்பாளராகவும் மருத்துவராகவும், ஏறக்குறைய 90 ஆண்டுகள் இக்குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அந்தக் கட்டடத்தோடு பிணைக்கப்பட்டிருந்தனர்.

அவ்வப்போது வந்து பார்த்த மருத்துவர் ஜான் டி செக்கீரா; போர்த்துகீசிய யூத வழியினர், லண்டனிற் பிறந்து ஹாலந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தக்காளியை அஞ்சாமல் உண்ணலாம் என்று அவ்வூராருக்குக் கற்பித்தவர் இவரே என்று ஒரு வழக்கு உண்டு. நாள்தோறும் தக்காளி ரசம் வைக்கும் நாம் அவரை அதற்காகவேனும் மரியாதையோடு நினைக்கலாம்.

அவருடைய சிகிச்சை முறை பற்றி அவ்வாறு சொல்லுதல் கடினம். அக்காலத்து அறிஞர் கொள்கைப்படி, பைத்தியம் என்பது ஓரளவு மனிதன் தானே தேர்ந்துகொண்ட ஒரு நிலை; அறிவின் பக்கம் திரும்பும்படி அவனை வற்புறுத்தினால் திரும்புவான். வற்புறுத்தும் வழிகள் பல: இரத்தம் வடிய விடுதல், தோலைக் கொப்புளிக்கச் செய்யும் பூச்சுகள், வாந்திக்கும் பேதிக்கும் மருந்து, குளிர்ந்த நீரில் திடீரென்று அமிழ்த்துதல், கைகால்களைக் கட்டிப்போடுதல். இவையெல்லாம் கொடுமை செய்யும் எண்ணத்தோடு செய்யப்பட்டவை அல்ல. காய்ச்சலுக்கும் இரத்தம் வடியவிட்ட காலம் அது. ஜார்ஜ் வாஷிங்டனே தம் கடைசி நாளில் அந்தச் சிகிச்சைக்கு உட்பட்டவர்தாம். ஆனால் நோயாளிக்கு நோக்கமா தெரியும்? தண்ணீர்தான் தெரியும். 1799-இல் கட்டடத்தின் அடியில் இரண்டு நிலவறைகள் தோண்டப்பட்டன, வெறி முற்றியவர்களை வைப்பதற்காக.

இடையில் சுதந்திரப் போர் மூண்டது. 1781-இல் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் தம் படையோடு வில்லியம்ஸ்பர்க்கில் சில நாள் தங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள யார்க்டவுனில் சரணடைந்தார். பள்ளிக்கூடத்துச் சரித்திரப் பாடத்தில் நாம் படித்த அதே கார்ன்வாலிஸ்தான்; 1786-இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கி, பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவோடு போரிட்டவர். போரின் பணமுடையால் 1782-இல் மூடப்பட்ட வில்லியம்ஸ்பர்க் மருத்துவமனை, அவர் இந்தியாவுக்கு வந்த அதே 1786-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

அடுத்த நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பற்றி விரிவாகச் சொல்ல அதிகமில்லை. அறைகள் நிறைந்தன, மாடி கூட்டினார்கள். வெளி உலகத்திலோ பெரிய மாறுதல் நிகழ்ந்தது. பாரிஸில் பினேல் என்ற மருத்துவரும் புஸ்ஸேன் என்ற கண்காணிப்பாளரும் நோயாளர்களின் சங்கிலிகளை அகற்றினர். இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் வில்லியம் டியூக் என்ற தேயிலை வணிகர், தாம் சார்ந்த குவேக்கர் சபையாருக்காக 1796-இல் ஓர் இல்லம் திறந்து, நோயாளர்களை விருந்தினர் போல் மேசையில் அமர்த்தித் தேநீர் கொடுத்தார். சித்தம் கலங்கியவனும் அன்பான சொல்லை அறிவான்; வேலையும் ஒழுங்கும் அமைதியான சூழலும் அவனைத் தேற்றும் என்பது இவர்கள் கண்ட உண்மை. அமெரிக்கக் குவேக்கர்கள் 1817-இல் பிலடெல்பியாவை அடுத்த பிராங்க்பர்டில் இம்முறையைப் பின்பற்றி ஓர் இல்லம் திறந்தனர். வில்லியம்ஸ்பர்க்கில் இக்காற்று வீச மேலும் பல ஆண்டுகள் சென்றன.

1841-இல், நோயாளர்களுடனேயே தங்கும் ஒரு மருத்துவர் தலைமை ஏற்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அப்பதவிக்கு வந்தவர் இரண்டாம் ஜான் மின்சன் கால்ட். வயது 22, மருத்துவப் பட்டம் பெற்ற அதே ஆண்டு. குடும்பத்தின் செல்வாக்கினால் கிடைத்த பதவி என்று யாரேனும் முணுமுணுத்திருந்தால் அது முழுவதும் தவறன்று. ஆனால் அந்த இளைஞர் பெரும்படிப்பாளி. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் மனநோய் மருத்துவம் பற்றி வெளிவந்த நூல்களைத் தேடிப் படித்து, 1846-இல் அவற்றைத் தொகுத்துத் தாமே ஒரு நூலும் வெளியிட்டார். மணம் செய்துகொள்ளவில்லை. மருத்துவமனையே அவருடைய வீடு.

அவர் அங்கே தச்சுப்பட்டறை அமைத்தார்; தையலறை அமைத்தார்; நூலகம் சேர்த்தார்; மாலையில் இசைக்கு ஏற்பாடு செய்தார். சங்கிலியையும் கட்டையும் கூடியவரை விலக்கி, மனத்தை அமைதிப்படுத்த அபினிச் சாரத்தைக் கொடுத்தார். அது அக்காலத்தில் குற்றமற்ற மருந்தாகவே கருதப்பட்டது. தம்மைப் போன்ற மனித இயல்பே நோயாளர்களுக்கும் உண்டு, வேறுபாடு அளவில்தான் என்பது அவருடைய கொள்கை. தீங்கு செய்யாத நோயாளர்கள் ஊருக்குள் உலவி வருவதற்கும் அவர் அனுமதித்தார். சிறிய ஊர், இரண்டு தலைமுறையாக மருத்துவமனையோடு பழகிய ஊர். கடைத்தெருவில் அவர்களைக் கண்டு ஊரார் ஓடவில்லை.

இங்கே ஒன்றை மறைத்துச் சொல்லுதல் நேர்மையாகாது. அந்த மருத்துவமனையில் சமைத்தவர், துவைத்தவர், நோயாளர்களைக் குளிப்பாட்டி உணவூட்டி இரவெல்லாம் விழித்துக் காத்தவர் ஆகியோரில் பலர் கறுப்பு அடிமைகள். அன்பே மருந்து என்ற முறை, ஊதியமின்றி உழைத்தவர்களின் கைகளால் நடந்தது. கால்ட் இதை அநீதியாகக் கருதியதாகத் தெரியவில்லை. ஆயினும் ஒன்று: மேற்கு வர்ஜீனியப் பகுதிக்காக ஸ்டாண்டன் நகரில் 1828-இல் திறக்கப்பட்ட மற்றொரு மருத்துவமனை கறுப்பர்களைச் சேர்க்க மறுத்துவந்தது; கால்ட் அவர்களைச் சேர்த்தார். 1846-இல் வந்த சட்டம், வெள்ளையர் போக இடம் மிஞ்சினால் அடிமைகளையும் சேர்க்கலாம் என்றது. இடம் மிஞ்சினால் என்ற சொற்களே அக்காலத்தை நமக்குக் காட்டிவிடும்.

1844-இல் பிலடெல்பியாவில் பதின்மூன்று மருத்துவமனைத் தலைவர்கள் கூடி ஒரு சங்கம் கண்டனர். இன்றைய அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் அதன் தொடர்ச்சியே. பதின்மூவரில் இளையவர் கால்ட். சங்கத்தில் பெரும் செல்வாக்கு உடையவர் பிலடெல்பியாவின் தாமஸ் கர்க்பிரைட். நோயாளியைக் குடும்பத்திலிருந்தும் ஊரிலிருந்தும் பிரித்து, நகரத்திற்கு வெளியே, அதற்கென்றே அமைந்த பெரிய மாளிகையில் வைத்தால்தான் குணமாகும் என்பது அவர் கட்சி. அக்கட்சியே வென்றது. நாடெங்கும் நீண்ட சிறகுகள் விரித்த பெருமாளிகைகள் எழுந்தன.

1855-இல் கால்ட் ஒரு கட்டுரை எழுதி இதனை எதிர்த்தார். பெல்ஜியம் நாட்டில் கேல் என்று ஓர் ஊர் உண்டு. சித்தம் கலங்கியவர்களுக்குக் காவல் தெய்வமாகக் கருதப்படும் புனித டிம்ப்னாவின் கோயில் அங்கே உள்ளது. குணசீலத்திற்கும் சோளிங்கருக்கும் நம்மவர் நோயாளரை அழைத்துச் செல்வது போல, இடைக்காலத்திலிருந்தே ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளர்களை அங்கே அழைத்து வந்தனர். கோயிலில் இடம் போதாதபோது ஊரார் தத்தம் வீட்டில் அவர்களுக்கு இடம் கொடுத்தனர். நாளடைவில் அது வழக்கமாகிவிட்டது. யாரோ ஊர் பேர் தெரியாத ஒருவர், ஒரு குடியானவன் வீட்டில் வந்து தங்கி, அவனோடு வயலுக்குப் போய், அவன் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்து, அவ்வீட்டிலேயே முதுமை எய்துவார். கால்ட் இதனைச் சுட்டிக்காட்டி, பெரிய மாளிகைகள் நோயாளியைச் சிறைக்கைதியாகவே ஆக்குகின்றன என்றும், அமைதியான நோயாளர்களை ஊரிலுள்ள குடும்பங்களில் தங்கவைத்தல் கூடும் என்றும் எழுதினார்.

சங்கத்தார் வெகுண்டனர். தங்கள் வாழ்நாள் உழைப்பை, அதுவும் தங்களுள் இளையவர் ஒருவர், சிறை என்று சொல்வதை யார் பொறுப்பர்? ஒருவரும் அவர் பக்கம் நிற்கவில்லை. கால்ட் எதிர்த்து வாதாடும் இயல்பினரும் அல்லர். தம் ஊரிலேயே, தம் நோயாளர்களோடு இருந்துவிட்டார். ஊரார் வீடுகளில் நோயாளரைத் தங்கவைக்கும் திட்டம் வில்லியம்ஸ்பர்க்கிலும் நடைமுறைக்கு வரவில்லை. 1859-இல் ஏறக்குறைய 300 நோயாளர் அங்கே இருந்தனர்.

அதன்பின் உள்நாட்டுப் போர். 1862 மே 5-ஆம் நாள் வில்லியம்ஸ்பர்க்கை அடுத்துச் சண்டை நடந்தது. மறுநாள் வடவர் படை ஊருக்குள் புகுந்தது. மருத்துவமனையின் வெள்ளை ஊழியரில் பெரும்பாலோர் ஓடிவிட்டிருந்தனர். 250-க்கு மேற்பட்ட நோயாளர்கள் பூட்டிய அறைகளில் உணவின்றி இருந்ததைப் படைவீரர்கள் கண்டனர். மருத்துவமனையைப் படை தன் வசம் எடுத்துக்கொண்டு, கால்ட் உள்ளே வருவதைத் தடுத்தது. இருபத்தொரு ஆண்டுகள் தமதாயிருந்த வாசலுக்கு வெளியே அவர் நிற்க நேர்ந்தது. அதே மாதத்தில், தம் நோயாளர்களுக்குத் தாம் கொடுத்துவந்த அபினிச் சாரத்தை அளவுக்கு மிஞ்சி உட்கொண்டு அவர் உயிர்நீத்தார். வேண்டுமென்றே உட்கொண்டாரா, நோயைத் தணிக்க உட்கொண்டது மிகுந்துவிட்டதா என்று வரலாற்று ஆசிரியர்கள் வாதிடுகின்றனர். அவருக்கு வயது 43.

போருக்குப் பின் மருத்துவமனை பெருத்தது; சிகிச்சை சுருங்கியது. அடிமைத்தனம் ஒழிந்தபோது, கால்ட் விரும்பியதற்கு நேர்மாறாக, கறுப்பு நோயாளர்களுக்கென்று ரிச்மண்டை அடுத்து ஒரு தனி மருத்துவமனையை 1870-இல் வர்ஜீனியா அமைத்துக்கொண்டது. வில்லியம்ஸ்பர்க்கில் 1880-களில் நோயாளர் தொகை நானூறைக் கடந்தது. குணமாகித் திரும்புவோர் குறைந்து, அங்கேயே முதிர்ந்து மடிவோர் மிகுந்தனர். 1885 ஜூன் 7-ஆம் நாள் இரவு தீப்பிடித்து, ராபர்ட் ஸ்மித் வரைந்த பழைய கட்டடம் அழிந்தது. புதிதாகப் போட்ட மின்கம்பிகளே காரணம் என்று கருதப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியைப் பற்றி நாம் ஒரே ஒரு செய்தி சொல்லிக் கடப்போம். மனநோயாளரும் மந்தபுத்தி உடையோரும் எனக் கருதப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று வர்ஜீனியா 1924-இல் சட்டம் இயற்றியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927-இல் அதனை ஏற்றது. ஐம்பது ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்மாநிலத்தில் அவ்வாறு வெட்டப்பட்டனர். ஊரைக் காப்பது என்ற நோக்கம் எவ்வளவு தொலைவு நடந்துவிட்டது பாருங்கள்.

1955-இல் அமெரிக்க மாநில மனநோய் மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அப்போது புதிய மருந்துகள் வந்திருந்தன. மாளிகைகளின் அவலம் பத்திரிகைகளில் வெளிப்பட்டிருந்தது. ஜனாதிபதி கென்னடி 1963 அக்டோபர் 31-இல் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். நோயாளரை அவரவர் ஊரிலேயே, மக்களோடு மக்களாக வைத்துச் சிகிச்சை செய்வதற்கு நாடெங்கும் நிலையங்கள் அமைப்பது அதன் நோக்கம். தம் சகாக்கள் கண்டனம் செய்த கால்ட்டின் கட்டுரைக்கு நூற்றெட்டு ஆண்டுகள் கழித்து வந்த சட்டம் அது. மாளிகைகள் விரைவாகக் காலியாயின. 1980-க்குள் அங்கிருந்தோர் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே இறங்கினர். ஆனால் திட்டமிட்ட நிலையங்களில் ஏறக்குறைய பாதியே எழுந்தன.

கால்ட் சொன்னதில் இரண்டு பகுதிகள் இருந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். வாசலைத் திறப்பது ஒரு பகுதி. வாசலுக்கு வெளியே ஒரு குடும்பம் காத்திருப்பது மற்றொரு பகுதி. கேல் ஊரில் இரண்டாவது முதலில் இருந்தது. முதலாவது அதனால் இயன்றது. அமெரிக்காவில் வாசல் மட்டும் திறந்தது. வெளியே வந்தவர்களில் உற்றாரிடம் சேர்ந்து நலமாக வாழ்ந்தவர் பலர். சேர்வதற்கு உற்றாரில்லாத பலர் பெருநகரங்களின் நடைபாதைகளிலும் ரயில் நிலையங்களிலும் அலைந்தனர். அலைந்தவரைப் போலீசார் பிடித்தனர். பிடித்தவர்களுக்கு வேறிடம் இல்லாமையால் சிறைக்கே அனுப்பினர். இன்று அந்நாட்டுச் சிறைகளில் உள்ள கடும் மனநோயாளரின் தொகை மருத்துவமனைகளில் உள்ளோரின் தொகையினும் பன்மடங்கு அதிகம்.

வில்லியம்ஸ்பர்க் நகரத்தின் பழைய வீடுகளையும் மண்டபங்களையும் முன்போலவே புதுப்பிக்கும் பணி 1920-களின் இறுதியில் ராக்பெல்லரின் பொருளுதவியால் தொடங்கிற்று. நகரின் நடுவே இருந்த மனநோய் மருத்துவமனை சிறிது சிறிதாக ஊரின் மேற்கே ஒரு பண்ணை நிலத்திற்குப் பெயர்ந்தது. அங்கே அது இன்றும் நடைபெறுகிறது. பழைய இடத்தில் அகழ்ந்து, அடித்தளச் செங்கற்களைக் கண்டு, அவற்றின்மேல் 1773-ஆம் ஆண்டின் கட்டடத்தை அப்படியே மீண்டும் எழுப்பி 1985-இல் திறந்தனர். பயணிகள் உள்ளே சென்று தொடக்க காலத்து அறை ஒன்றையும் கால்ட் காலத்து அறை ஒன்றையும் பார்க்கலாம். முன்னதில் மெத்தையும் சங்கிலியும் உள்ளன. பின்னதில் கட்டிலும் மேசையும் உள்ளன.

அங்கிருந்து பழைய தலைநகரத்துப் பெருந்தெரு வழியே கிழக்கு நோக்கிச் சிறிது நேரம் நடந்தால், கவர்னர் பாக்கியர் 1767-இல் சபையின் முன் குறிப்பிட்ட அந்தச் சிறைச்சாலையும் நிற்கிறது. மருத்துவமனை தீக்கிரையாகி மறுபடியும் கட்டப்பட்டது. சிறையின் சுவர்களிற் சில, அக்காலத்துச் சுவர்களே.